சந்தாவும் தொகையும்: பேராக் தோட்டத் தமிழரின் காணொளிகளை முன்வைத்து

எட்டுத்தொகை நூல்களைப் பற்றிய மரபுக் குறிப்புகளில் இருவர் பெயர் அருகருகே வரும். தொகுத்தவர் ஒருவர், தொகுப்பித்தவர் வேறொருவர். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றைத் தொகுத்தவர் உப்பூரிகுடி கிழார் மகனார் உருத்திரசன்மர். தொகுப்பித்தவன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி. பொருளும் ஆதரவும் மன்னனுடையவை. எப்பாட்டை ஏற்பது, எதனை எதன் பக்கத்தில் வைப்பது, எந்த எண்ணைத் தருவது என்னும் முடிவு புலவருடையது. அகநானூற்றில் ஒற்றைப்படை எண் பெற்றவை எல்லாம் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். பாட்டின் எண்ணைச் சொன்னாலே அதன் திணையைச் சொல்லிவிடலாம். நானூறு பாடல்களை வரிசைப்படுத்திய ஒருவரின் சிந்தனை அவ்வெண்களில் இன்றும் நிற்கிறது.

யூடியூப் தளத்தில் ஒருவர் தாம் பின்தொடரும் அலைவரிசைகளை ஒழுங்குபடுத்தி வைப்பதைப் பற்றிப் பேசப் புகுந்தவர் உருத்திரசன்மரிடம் தொடங்குவது மிகையெனத் தோன்றலாம். கைப்பேசி வைத்திருப்போர் ஓய்வு நேரத்தில் செய்துகொள்ளும் சிறுவேலை அது என்பதே பொதுவான எண்ணம். ஆயினும் பேராக் மாநிலத்தின் முன்னாள் இரப்பர்த் தோட்டங்களைப் பற்றி ஆராய்வோருக்கு இச்சிறுவேலை சான்று திரட்டும் வேலையாக மாறிவிட்டது. பால்மரங்கள் இருந்த இடத்தில் செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்துவிட்டன. லயங்கள் பல இடிக்கப்பட்டுவிட்டன. அவற்றில் வாழ்ந்தோர் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும், மாநிலத்துக்கு வெளியே கிள்ளான் பள்ளத்தாக்கிலும் சிதறியுள்ளனர். ஆண்டுக்கொரு முறை தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குத் திரும்பி வருவோர் கைப்பேசியில் எடுத்த காட்சிகள், உறுமி மேளக் குழுக்களின் பதிவுகள், இடிந்த லயத்தின் முன் நின்று இன்னார் வீடு இது என்று காட்டும் முதியவரின் பேச்சு, தோட்டத்துச் சமையல் ஆகியவை நூலகப் பட்டியல்களில் இடம்பெறவில்லை. அவை யூடியூப் அலைவரிசைகளில் கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்துத் தம் சந்தாப் பட்டியலில் சேர்த்து வைப்பவர், அறிந்தோ அறியாமலோ, தொகுத்தோர் வரிசையில் சேர்கிறார். அவருக்குத் தொகுப்போர்க்குரிய உரிமை உண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

முதலில் சொல்லைப் பார்க்கலாம். ‘சந்தா’ இந்துஸ்தானி வழியாகத் தமிழுக்கு வந்தது. பலர் சேர்ந்து ஒரு பொதுச் செயலுக்குத் தரும் பங்கு என்பது அதன் மூலப்பொருள். மலாயாத் தமிழரின் வழக்கில் இச்சொல் மூன்று இடங்களில் வேரூன்றியது: செய்தித்தாள், தொழிற்சங்கம், கூட்டுறவுச் சங்கம். மூன்றிலும் சந்தா என்பது கையிலிருந்து பணம் போவதைக் குறித்தது; பணம் தந்தவருக்குக் கேள்வி கேட்கும் உரிமையையும் அது தந்தது. சந்தா கட்டியவர் பேச்சு வேறு, கட்டாதவர் பேச்சு வேறு என்பது சங்கக் கூட்டங்களின் எழுதப்படாத விதி.

யூடியூப் இச்சொல்லின் பொருளைத் தலைகீழாக்கிற்று. இங்கே சந்தாவுக்குப் பணம் இல்லை. எனவே கேள்வியும் இல்லை. தளத்தின் தமிழ் இடைமுகத்தை மொழிபெயர்த்தவர்கள் இச்சிக்கலை உணர்ந்தார்கள் போலும். ‘சந்தா செலுத்து’ என்பதைத் தவிர்த்துக் ‘குழுசேர்’ என்னும் சொல்லை அவர்கள் பொத்தானில் இட்டனர். அழகான சொல்லாக்கம்தான். ஆனால் பொருளளவில் அது இன்னும் பெரிய பிழை. ஓர் அலைவரிசையின் சந்தாதாரர் எவரும் தமக்கு முன்னும் பின்னும் சேர்ந்தவர் யாரென அறியார். அவர்கள் கூடுவதற்கு மண்டபம் இல்லை. தலைவரைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை. குழு இல்லாத இடத்தில் குழுசேர் என்று அழைப்பது மொழிபெயர்ப்பாளரின் ஏக்கமாகவே எனக்குப் படுகிறது.

குழுசேர்தல் உண்மையில் எப்படி இருந்தது என்பதற்கு நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்ட காலம் அது. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றனர்; துண்டாடப்பட்ட தோட்டத்தில் தொழிலாளிக்கு வேலையும் இல்லை, குடியிருக்க லயமும் இல்லை. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து சிறு சிறு தொகையாகப் பங்குப்பணம் செலுத்தித் தோட்டத்தையே வாங்கிவிடுவது என்பது அவருடைய திட்டம். 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் இவ்வாறு வாங்கப்பட்டது. அச்சங்கத்தின் பிற்கால வரலாறு பற்றி மாறுபட்ட கருத்துகள் உண்டு. நமக்கு இங்கு வேண்டியது ஒன்றே: உறுப்பினர் பதிவேடு என்பது அச்சங்கத்தின் உயிர். யார், எந்தத் தோட்டம், எவ்வளவு கட்டினார், எப்போது கட்டினார் என்பன அதில் இருந்தன. அந்தப் பட்டியலைக் கொண்டு நிலம் வாங்க முடிந்தது.

செய்தித்தாள் சந்தாவை நான் இவ்வளவு உயர்த்திப் பேசமாட்டேன். 1924இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ 2019 பிப்ரவரி முதல் நாளோடு நின்றுபோனது. அதற்கு முன்னும் பின்னும் நின்றுபோன இதழ்கள் எண்ணற்றவை. சந்தா நிலுவையைச் செலுத்துமாறு வாசகரை மன்றாடும் அறிவிப்பு தமிழ் இதழியலின் தனி இலக்கிய வகை என்றே சொல்லலாம். தோட்டத்தில் ஒருவர் வாங்கிய தாளைப் பலர் படித்தனர்; படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்டனர். ஆகவே சந்தாதாரர் எண்ணிக்கை அன்றும் வாசகர் எண்ணிக்கை ஆகாது. ஆனாலும் அக்காலத்துத் தாள் வீட்டிலோ கோயிலிலோ படிப்பகத்திலோ ஒரு பொருளாகத் தங்கியது. கட்டி வைத்தவர் வீட்டில் அது இருந்தது. இன்றைய ஆய்வாளர் நுண்படச் சுருளில் காணும் பழைய தாள்கள் அப்படித் தங்கியவையே.

இனி யூடியூப் தளத்தின் உள்ளமைப்பு. 2005இல் தொடங்கப்பட்ட இத்தளத்தை 2006இல் கூகல் வாங்கியது. தொடக்கக் காலத்தில் சந்தா என்பது ஏறத்தாழ நூலகத்தின் பருவ இதழ் அடுக்கைப் போல் இயங்கியது: நாம் தேர்ந்த அலைவரிசையில் புதியது வந்தால் அது நம் கண்ணில் படும். 2012இல் தளம் தன் பரிந்துரை முறையை மாற்றியது. எத்தனை பேர் சொடுக்கினர் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பது முதன்மை பெற்றது. அதன்பின் முகப்புப் பக்கம் சந்தாதாரரின் தேர்வைக் காட்டுவதைவிட, அவர் எதில் நெடுநேரம் தங்குவார் என்னும் கணிப்பைக் காட்டலாயிற்று. 2018 சனவரியில் யூடியூப் நிறுவனத்தின் தயாரிப்புப் பிரிவுத் தலைவராக இருந்த நீல் மோகன், தளத்தில் மக்கள் செலவிடும் பார்வை நேரத்தில் 70 விழுக்காட்டுக்கு மேல் பரிந்துரைகளின் வழியே வருகிறது என்று அறிவித்தார். சந்தாவின் இடம் எதுவென இதிலிருந்து தெளியலாம்.

இக்கட்டுரைக்கு இதனினும் முக்கியமானது 2015இல் நிகழ்ந்தது. அதுவரை சந்தாதாரர் தாம் பின்தொடரும் அலைவரிசைகளைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்துப் பெயரிட்டு வைத்துக்கொள்ளும் வசதியொன்று தளத்தில் இருந்தது. கோயில் தனியே, இசை தனியே, சமையல் தனியே என அடுக்கலாம். 2015 மே மாதம் அவ்வசதி நீக்கப்பட்டது. நெடுங்காலம் அதற்கு ஈடான ஒன்றைத் தளம் தரவில்லை; அலைவரிசைகளைக் குழுக்களாகப் பிரிக்க விரும்பியோர் ‘பாக்கெட்டியூப்’ போன்ற வெளியார் உருவாக்கிய உலாவி இணைப்புநிரல்களை நாடினர். எஞ்சியது ஒற்றைப் பட்டியல். அதை மூன்று வகையில் வரிசைப்படுத்தலாம்: தளம் நமக்குப் பொருத்தமெனக் கருதும் வரிசை, புதிய பதிவுகளின் வரிசை, அகர வரிசை. தொகுத்தோன் தன் தொகைக்குத் தானே வைக்கும் முறை என்னும் நான்காவது வரிசை அதில் இல்லை. புலவரின் வேலையையும் மன்னனே எடுத்துக்கொண்டான் என்று சொன்னால் முதல் பத்தியில் கூறியதன் பொருத்தம் விளங்கும்.

அகர வரிசையேனும் உதவாதா என்று கேட்கலாம். அது ஆங்கில அகர வரிசை என்பதை மறக்கலாகாது. மலேசியத் தமிழரின் அலைவரிசைப் பெயர்கள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் அமைந்தவை. ‘தமிழ்’ என்னும் ஒரே சொல்லை ஒருவர் ஆங்கிலேயர் எழுதியபடி எழுதுவார். தனித்தமிழ்ப் பற்றுடைய இன்னொருவர் தகரத்துக்கு ஈரெழுத்தும் ழகரத்துக்கு ஈரெழுத்தும் இட்டு எழுதுவார். இரண்டும் அருகருகே நில்லா. தோட்டப் பெயர்களின் நிலை இன்னும் சிக்கலானது. தோட்டத்துக்குத் துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர் வேறொன்று. கங்காணியின் பெயராலும் அருகிலிருந்த ஆற்றின் பெயராலும் பழைய முதலாளியின் பெயராலும் அவை அமைந்தன. அங்கே பிறந்தவர் தம் காணொளிக்குத் தமிழ் வழக்குப் பெயரைத் தலைப்பாக இடுகிறார். ஆவணக்காப்பகத்திலிருந்து ஆங்கிலப் பெயரை எடுத்துக்கொண்டு தேடும் ஆய்வாளருக்கு அது ஒருபோதும் அகப்படாது. இரண்டு பெயரும் ஒரே இடத்தைக் குறிப்பன என்பதை அறிந்த ஒருவர் நடுவில் இருந்தாலன்றி இம்முடிச்சு அவிழாது.

இந்த இடத்தில் ஓர் எடுத்துக்காட்டை விரிவாகப் பார்ப்பது பயன்தரும். சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த பவித்ரா, சுகு இணையர் 2020 தொடக்கத்தில் சமையல் அலைவரிசை ஒன்றைத் தொடங்கினர். தோட்ட வேலை செய்து வாழ்ந்த குடும்பம். அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து நாடு முழுவதும் வீட்டுக்குள் அடங்கியிருந்த மாதங்களில் அவர்களின் காணொளிகள் பரவின. இலட்சக்கணக்கானோர் சந்தாதாரர் ஆயினர். அப்போதைய பிரதமர் முகிதீன் யாசின் தம் உரையொன்றில் அவர்களைக் குறிப்பிட்டார். பவித்ரா எளிய சமையலறையில் நின்று, தெளிவான மலாய் மொழியில், அவசரமின்றிச் சமைத்துக் காட்டினார். ஆடம்பரமான பாத்திரங்கள் இல்லை. பின்னணி இசையின் ஆரவாரம் இல்லை.

இவ்வெற்றியைப் பற்றி எழுதியவர்கள் இரண்டு செய்திகளை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: சந்தாதாரர் எண்ணிக்கை, வறுமையிலிருந்து உயர்வு. இரண்டும் செய்தித்தாளுக்கு உகந்தவை. காணொளிகளை உரையாக வைத்துப் படித்தால் வேறொன்று புலப்படும். தோட்டத் தமிழ்ப் பெண் ஒருவர் தம் வீட்டுச் சமையலை நாட்டு மொழியில், நாட்டு மக்கள் அனைவருக்குமாக எடுத்துரைக்கிறார். தோட்டத்தைப் பற்றி நம்மிடையே எழுதப்பட்ட சிறுகதைகளும் புதினங்களும் பெரும்பாலும் தமிழருக்குள்ளேயே பேசியவை. துயரம் அவற்றின் நிலையான சுவை. இங்கே தோட்டம் துயரப் பொருளாக வரவில்லை. பேசுபொருளாகக்கூட வரவில்லை. அடுப்பு, அம்மி, கையசைவு, மசாலைச் சேர்க்கும் வரிசை ஆகியவற்றில் அது இருக்கிறது. தோட்டம் என்ற சொல் தலைப்பில் இல்லாததால் அச்சொல்லைக் கொண்டு தேடுபவருக்கு இது கிடைக்காது. மொழி மலாய் ஆதலால் தமிழ்க் காணொளி என்னும் அடுக்கிலும் நில்லாது. மலேசியத் தமிழர் வாழ்வுக்கு இவ்வளவு நெருக்கமான சான்று, நம் வழக்கமான பகுப்புகள் அனைத்துக்கும் வெளியே நின்றது.

நேர்மையாக ஒன்றைக் கூற வேண்டும். பரிந்துரைப் பொறிமுறையை மேலே நான் குறைகூறினேன். அப்பொறிமுறை இல்லாவிடில் சுங்கை சிப்புட் சமையலறை ஒன்று கோத்தா பாருவிலும் கூச்சிங்கிலும் இருந்த மலாய்க் குடும்பங்களைச் சென்றடைந்திருக்காது. சந்தாப் பட்டியலை நம்பியிருந்தால் உறவினரும் ஊராரும் பார்த்திருப்பர். தொகுப்போர் எவரும் அறியாத ஒன்றை எடுத்து முன்னால் வைக்கும் ஆற்றல் பொறிக்கு உண்டு. ஆனால் எடுத்து வைத்ததைக் காத்து வைக்கும் பொறுப்பு அதற்கு இல்லை. 2021இல் அவ்வலைவரிசையின் காணொளிகள் நீக்கப்பட்டன என்னும் செய்தி நாளிதழ்களில் வெளிவந்தது. அப்போது ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட சந்தாதாரர் இருந்தனர். நீக்கியது அவர்கள் உரிமை. அதற்கான காரணங்கள் அவர்களின் சொந்த வாழ்வைச் சேர்ந்தவை, அவற்றில் நமக்கு வேலையில்லை. நாம் கருத வேண்டியது வேறு. ஏழு இலட்சம் பேர் ‘குழுசேர்ந்து’ இருந்தும், என்னென்ன காணொளிகள் எந்தெந்த நாளில் வெளிவந்தன என்னும் எளிய அட்டவணைகூட அவர்களில் எவர் கையிலும் பொதுவாக எஞ்சவில்லை. சம்பந்தன் காலத்து உறுப்பினர் பதிவேட்டை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தமிழ்நாட்டோடு உள்ள தொடர்பையும் இங்குச் சுட்டவேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்திலிருந்து வெளிவரும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021இல் ஒரு கோடிச் சந்தாதாரரைப் பெற்ற முதல் தமிழ் அலைவரிசை ஆயிற்று. அதன் தகுதியில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அளவில் இத்துணைப் பெரியவை ஒரே மொழிக்குள் நிற்கும்போது, ஈப்போவில் இருப்பவர் தமிழில் ஒன்றைப் பார்த்த மறுகணமே அவர் முன் தமிழ்நாட்டுத் திரைப்படமும் தொலைக்காட்சியும் வந்து குவிகின்றன. பொறிக்குத் தமிழ் ஒரே நிலம். பேராக் என்னும் தனி நிலம் அதற்குத் தெரியாது. முன்னூறு சந்தாதாரர் கொண்ட தோட்டக் கோயில் அலைவரிசை அந்தக் குவியலுக்கு அடியில் போய்விடுகிறது. 2018இல் விதிக்கப்பட்ட வரையறையின்படி, ஆயிரம் சந்தாதாரரும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணிநேரப் பார்வையும் இல்லாத அலைவரிசைக்கு விளம்பர வருவாயில் பங்கு இல்லை. அந்த முன்னூறு பேர் அலைவரிசையை நடத்துபவர் எந்நாளும் அதை எட்டமாட்டார். எட்ட வேண்டும் என்று அவர் தொடங்கவுமில்லை. இத்தகையவரைத்தான் நாம் முதலில் பட்டியலில் சேர்க்க வேண்டும். நம் மாணவர்களின் ஆய்வேடுகளோ பெரிய எண்ணிக்கை உள்ளவற்றையே தேர்கின்றன. சந்தாதாரர் தொகையை அட்டவணையிட்டுச் சதவீதம் காட்டினால் ஆய்வாகிவிடும் என்ற எண்ணத்தை வளர்த்தவர்கள் ஆசிரியர்களே.

அப்படியாயின் எம்முறையில் அடுக்குவது? சீர்காழியில் 1892இல் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீ. இரா. அரங்கநாதன் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை இதற்கு நேரே பயன்படும். அவருக்கு முந்தைய பகுப்பு முறைகள் ஒரு நூலுக்கு ஏற்கெனவே வகுத்த கிளையில் ஓரிடம் கொடுத்தன. அரங்கநாதனோ ஒரு பொருளைக் கூறுகளாகப் பிரித்து, ஆளுமை, பொருண்மை, ஆற்றல், இடம், காலம் என்னும் ஐந்து அடிப்படைகளில் அவற்றை வைத்துப் பின் இணைத்தார். பவித்ராவின் காணொளி தமிழா மலாயா, சமையலா தோட்டமா என்னும் வழக்கு அப்போது எழாது. பொருள் சமையல், மொழி மலாய், இடம் சுங்கை சிப்புட், காலம் 2020, சூழல் தோட்டம். எந்தக் கூற்றைப் பிடித்து வந்தாலும் அது கிடைக்கும். இடத்தையும் காலத்தையும் இன்றியமையாக் கூறுகளாக வைத்ததில் தொல்காப்பியரின் முதற்பொருளை நினைவூட்டும் ஒன்று உண்டு. அரங்கநாதன் அதிலிருந்து பெற்றார் என்று நான் கூற வரவில்லை. அவ்வகைப் பெருமைப் பேச்சு நம் துறைகளில் தேவைக்கு மேலேயே இருக்கிறது. நிலமும் பொழுதும் இல்லாமல் எதையும் வகைப்படுத்த ஒப்பாத மரபில் பயின்றவருக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது என்பதே என் கருத்து.

நடைமுறையில் இது கடினமான வேலையும் அன்று. கூகல் கணக்கு உடையவர் தம் சந்தாப் பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொள்ள நிறுவனமே வழிவைத்திருக்கிறது. அக்கோப்பில் அலைவரிசையின் பெயரும் முகவரியும் அடையாளக் குறியும் இருக்கும்; அவ்வளவுதான். அதற்குப் பக்கத்தில் நாம் சேர்க்க வேண்டிய நிரல்கள் தளத்துக்குத் தெரியாதவை: தோட்டத்தின் ஆங்கிலப் பெயர், தமிழ் வழக்குப் பெயர், அருகிலுள்ள பட்டணம், பேசப்படும் மொழி, நிகழ்ச்சி, எடுத்தவர் தோட்டத்தில் வாழ்ந்தவரா வெளியாரா, நாம் பார்த்த நாள். பேராக்கில் 130க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பல தோட்டத்துப் பள்ளிகளாகப் பிறந்தவை, சில தோட்டம் மறைந்தபின் வேறிடம் பெயர்ந்தவை. ஒரு பள்ளியின் பழைய மாணவர் ஒருவருக்குத் தெரிந்திருப்பது ஆவணக்காப்பகத்தில் இராது. நிரல்களை நிரப்ப வல்லவர் அவரே. பல்கலைக்கழகம் செய்யக்கூடியது வரிகளின் அமைப்பை ஒரே சீராக வகுத்துக் கொடுப்பது.

தனியொருவரின் அடுக்கு எதற்கு உதவும் என்று கேட்பவர்க்கு ரோஜா முத்தையாவைச் சொல்லலாம். கோட்டையூரில் வாழ்ந்த அவர் விளம்பரப் பலகை எழுதுபவர். பழைய புத்தகம், சிறுபிரசுரம், நாடக அறிவிப்பு, அழைப்பிதழ் என மற்றவர் எறிந்ததை எல்லாம் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அச்சேகரம் காக்கப்பட்டு 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. பாட்டுப் புத்தகங்களையும் கல்யாண அழைப்பிதழ்களையும் அன்று எந்தப் பல்கலைக்கழகம் பொருட்படுத்தியது? ஆனால் ஒரு வேறுபாட்டையும் மறைக்கலாகாது. அவரிடம் தாள் இருந்தது. யூடியூப் சந்தாதாரரிடம் இருப்பது தாளின் முகவரி மட்டுமே. மலேசியாவில் 1986ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி வெளியீட்டாளர் தம் வெளியீட்டின் படிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கிறார். ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுதிக்கு அங்கே ஓரிடம் கிடைக்கும். தோட்டத்துத் திருவிழாவைக் கைப்பேசியில் எடுத்தவர் தம்மை வெளியீட்டாளர் என்று எண்ணிப் பார்த்திருக்கவே மாட்டார். உரியவர் இசைவு பெற்றுக் காணொளியின் படியையே காக்கும் திட்டம் வேண்டும். அது வரும்வரை பட்டியலாவது சரியாக இருக்க வேண்டும்.

அப்பட்டியலில் மறைந்தவற்றை என்ன செய்வது என்னும் சிக்கல் எஞ்சுகிறது. தளத்தின் வழக்கம் எளிது. நாம் தொகுத்த காணொளி வரிசையில் ஒன்று நீக்கப்பட்டால் அங்கே நீக்கப்பட்டது என்னும் குறிப்பு மட்டும் நிற்கும், தலைப்புகூட மிஞ்சாது. அதையும் மறைத்து வைக்கும் வசதி உண்டு. பதிவேடு வைப்போர் இதற்கு நேர்மாறாக நடக்க வேண்டும்: காணொளி போனாலும் அதன் வரியை அழிக்காமல், நிரல்கள் அனைத்தையும் அப்படியே விட்டு, காணாமற்போனது தெரியவந்த நாளைக் கடைசி நிரலில் எழுத வேண்டும். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம்பத்தும் நமக்குக் கிடைக்கவில்லை. எனினும் அவை இருந்தன என்பதைப் பத்துப்பத்தாக அடுக்கிய அடுக்குமுறையே சொல்லிவிடுகிறது. ஐங்குறுநூற்றில் 129, 130 ஆகிய இரு பாடல்களும் இல்லை. ஆனால் அவை நெய்தல் திணைப் பாடல்கள், பாடியவர் அம்மூவனார், கிழவற்கு உரைத்த பத்தின் கடைசி இரண்டு, தலைவனை நோக்கிச் சொன்னவை என்பது வரையில் நமக்குத் தெரியும். அவை நின்ற இடத்தைக் கூடலூர் கிழார் முன்னரே வகுத்து வைத்திருந்தார்.